புதுப்பிப்பு: நிலவேம்பு இலைச் சாறும் அகார் தட்டும்

அகார் குழி முறையில் (பாக்டீரியா பூசிய அகார் தட்டில் குழி வெட்டிச் சாறு விட்டு, சுற்றிலும் பாக்டீரியா வளராத வளையம் விழுகிறதா என்று பார்ப்பது) நிலவேம்பு இலைச் சாற்றைச் சோதிப்பது பற்றிய முந்தைய இழையில் இரண்டு கேள்விகள் வந்தன: சாற்றின் கரைப்பானாலேயே வளையம் விழுவது ஏன்? நீர்ச்சாறுக்கு எதுவுமே விழாதது ஏன்?

முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் சாறு எடுக்கப் பயன்படுத்திய மெத்தனாலின் மிச்சம். 40 டிகிரியில் வற்றவைத்த பிறகும் சாறு பிசுபிசுவென்று இருந்தால் ஆல்கஹால் முழுதும் போகாமல் இருக்கலாம். எடை மாறாத வரை உலர்த்துங்கள். உலர்ந்த சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) மட்டும் விட்ட குழி ஒன்று கட்டாயம்.

இரண்டாவதில், நிலவேம்பின் முக்கியக் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையாது. கரைந்தாலும் அகாரில் மெதுவாகத்தான் பரவும். அதனால் வளைய அளவை வைத்து வீரியத்தை ஒப்பிடுவது, என்னைக் கேட்டால், வீண் வேலை. 96 குழித் தட்டில் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) பாருங்கள்.

1 மில்லி டிஎம்எஸ்ஓ-வில் 100 மில்லிகிராம் உலர் சாறு. முதல் குழியில் இறுதி அளவு மில்லிக்கு 1 மில்லிகிராம். அப்போது டிஎம்எஸ்ஓ 1 சதவீதம்தான். அங்கிருந்து பாதி பாதியாகக் குறையுங்கள். பாக்டீரியா மில்லிக்கு 5 லட்சம்.

பாக்டீரியா வளர்ந்தால் வரும் கலங்கலைப் பச்சையம் மறைத்துவிடும், கண்ணால் படிக்க முடியாது. மறுநாள் குழிக்கு 30 மைக்ரோலிட்டர் 0.015 சதவீத ரெசாசுரின் சாயம் விட்டு 2 முதல் 4 மணி நேரம் வையுங்கள்: நீலம் என்றால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பு என்றால் உண்டு. ஆனால் இலையின் ஃபீனால்களே சாயத்தை இளஞ்சிவப்பாக்கலாம். பாக்டீரியா இல்லாமல் சாறும் வளர்ப்பு ஊடகக் குழம்பும் மட்டும் விட்ட வரிசையும் சிவந்தால், அந்தத் தட்டின் முடிவை எழுதாதீர்கள்.