ரீடூ வேறு, ரிப்பீட் வேறு: ‘மேற்படி’ சரிப்படுமா?

மென்பொருள் மெனுச் சொற்களைத் தமிழாக்கும் நம் குழும அன்பர்களுக்கு வணக்கம். முந்தைய மடலில் ஒருவர் எழுதியது:

> அன்டூ (கடைசியாகச் செய்ததை நீக்குவது) – செயல்தவிர். ரீடூ, ரிப்பீட் இரண்டுக்கும் ‘மீண்டும் செய்’ போதும். சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள்.

புரிந்துகொள்வதில்லை ஐயா. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்குத் தட்டச்சு, போட்டோஸ்டேட் கடை. போன மாதம் கோயில் திருவிழா உபயக்காரர் பட்டியலை எக்செல்லில் ஏற்றினோம். பணம் கட்டியவர் பெயருக்கு மஞ்சள் பூச வேண்டும். ஒரு பெயருக்குப் பூசிவிட்டு அடுத்த பெயருக்குப் போய் கண்ட்ரோல்-ஒய் தட்டினால் அங்கேயும் மஞ்சள் விழும். கடையில் வேலை செய்யும் பிள்ளை அப்படித்தான் மளமளவென்று போனாள். நடுவில், கட்டாத ஒருவர் பெயரில் மஞ்சள் விழுந்துவிட்டது. கண்ட்ரோல்-இசட் போட்டு எடுத்தாள். சரியான பெயருக்கு வந்து மறுபடி கண்ட்ரோல்-ஒய். கண் ரசீதுப் புத்தகத்தில் இருந்தது. மஞ்சளோ பழைய பெயருக்கே ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது. கட்டாதவர் கட்டியவர் ஆனார். கட்டியவர் வீட்டுக்கு நான் போய்ப் பணம் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மென்பொருள் மேல் தப்பில்லை. அன்டூ செய்த கையோடு அந்த விசை ரீடூ ஆகிவிடும்; எடுத்ததை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கும். அன்டூ செய்யாதபோது அதே விசை ரிப்பீட். கடைசியாகச் செய்ததை இப்போது நிற்கும் இடத்தில் செய்யும். விசைதான் ஒன்று, பெயராவது இரண்டாக இருக்க வேண்டாமா? லிப்ரெஆபிஸில் ரிப்பீட்டுக்குத் தனியாக கண்ட்ரோல்-ஷிப்ட்-ஒய் இருக்கிறது. மலாயிலும் ‘புவாட் செமுலா’, ‘ஊலாங்’ என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

‘செயல்தவிர்’ எனக்குப் பிடித்த சொல் இல்லை. தவிர்ப்பது நடப்பதற்கு முன்னால்; இது நடந்து முடிந்த பின்னால். பூக்கட்டுகிறவர்களின் ‘அவிழ்’தான் கச்சிதம். கடைசி முடிச்சை அவிழ்த்தால்தான் முந்தின முடிச்சுக்குப் போக முடியும், அன்டூவும் அப்படியே. ஆனால் அதை மெனுவில் போட்டால் எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள். செயல்தவிர் பழகிவிட்டது, இருக்கட்டும். ரீடூவுக்கு ‘மீள்செய்’ என்று வைக்கலாம்.

ரிப்பீட்டுக்கு நான் சொல்வது ‘மேற்படி’. என் தாத்தா தோட்டத்து மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். ஒருவர் அரிசி வாங்கி அடுத்தவரும் அரிசி வாங்கினால் மறுபடி எழுதமாட்டார். ௸ என்று ஒரே சுழி. மேலே உள்ளது எதுவோ, அதுவே இந்த வரிக்கும். ரிப்பீட் செய்வதும் அதுதானே? அந்தக் குறிக்கு யூனிகோடில் 2003லேயே இடம் கொடுத்தாகிவிட்டது. பொத்தான் படமாகவும் வைக்கலாம். (‘மேற்படி சமாச்சாரம்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

— — —

அண்ணே, மீள்செய்யை ஏற்கிறேன். அன்டூ செய்த பிறகு புதிதாக ஓர் எழுத்துத் தட்டினாலும் ரீடூ செத்துவிடும். மீள்வதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. பொருத்தமாக இருக்கிறது.

‘மேற்படி’ மட்டும் மொட்டையாக நிற்கிறது. செயல்தவிர், மீள்செய் இரண்டும் ஏவல். ‘மேற்படி செய்’ என்றால் வரிசையோடு சேரும்.

௸ வேண்டாம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருத்தி மட்டும் எழுந்து, “நத்தை, டீச்சர்” என்றாள்.

— — —

டீச்சர், ‘மேற்படி செய்’ என்றே மொழிபெயர்ப்புக் கோப்பில் மாற்றிவிட்டேன். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

படத்தை மட்டும் விட மனசில்லை. மலாயில் சிப்புட் என்றாலே நத்தைதானே, நம் ஊர்ப் பிள்ளை வேறு என்ன சொல்லும்?