லண்டனில பஸ் ஓட வர நினைக்கிற ஆக்களுக்கு

ஊரில மினிபஸ் ஓடினனான், இங்க பஸ் ட்ரைவர் ஆகலாமோ எண்டு கனபேர் கேட்டிருக்கிறீங்கள். நான் வடக்கு லண்டனில டபுள் டெக்கர் ஓடுறன். ஆகலாம். ஆனா இந்த வேலைக்கெண்டு ஸ்பொன்சர் விசா கிடைக்காது, வேலை செய்யிற உரிமை ஏற்கெனவே கையில இருக்கவேணும். இலங்கை, இந்திய லைசென்ஸில இங்க 12 மாதம் கார் ஓடலாம், ஆனா மாத்தித் தரமாட்டினம். முதல்ல இருந்து டெஸ்ட் எடுக்கவேணும்.

அதுக்குப் பிறகு டொக்டரிட்ட டி4 எண்ட உடல்நலப் போர்ம், பஸ்ஸுக்கான ப்ரொவிஷனல் (பழகுறதுக்கான லைசென்ஸ்), தியரி, ரோட் டெஸ்ட். கன கம்பனியள் பயிற்சிச் செலவைத் தாங்களே போடுவினம். பதிலுக்கு இவ்வளவு காலம் விட்டுப்போகக் கூடாது எண்டு ஒரு தாளில கையெழுத்து வாங்குவினம். அதை ஆறுதலா வாசியுங்கோ. சிபிசி எண்டு தொழிலா ஓடுற ட்ரைவர்மாருக்கான தகுதி அட்டை ஒண்டு இருக்கு; அதைத் தொடர்ந்து வைச்சிருக்க 5 வருசத்துக்கு ஒருக்கா 35 மணித்தியாலப் பயிற்சி.

ஓடுறது பழகிடும். எனக்கு விடக் கஷ்டமா இருந்தது ஊர்ப்புத்தி தான். அங்க முன்னுக்குப் போற பஸ்ஸை முந்தினால் தானே சனமும் கலெக்ஷனும். இங்க 2014 யூலையில இருந்து பஸ்ஸில காசே வாங்கிறேல்லை. கம்பனிக்குக் காசு வாறது, லண்டன் போக்குவரத்தை நடத்திற டிஎப்எல்லோட (Transport for London) செய்த ஒப்பந்தத்தால. அடிக்கடி ஓடுற ரூட்டுகளில, அட்டவணைப்படி நிக்கவேண்டியதை விடச் சனம் எவ்வளவு நேரம் கூடக் காத்து நிண்டது எண்டு கணக்குப் பாத்துத் தான் போனசும் வெட்டும். அதால முன்னுக்குப் போற பஸ்ஸோட இடைவெளி காக்கிறவன் தான் இங்க கெட்டிக்காரன். முதல் மாசம் நான் நாலு நிமிசம் முந்தி ஓடிப்போய்ப் புளுகத்தோட இருக்க, கொன்ட்ரோலர் ரேடியோவில கூப்பிட்டு ஸ்டொப்பில நிப்பாட்டிப்போட்டார். உள்ளுக்க இருந்த சனம் முழுக்க என்னைத் தான் முறைச்சது!

டியூட்டி நேரம் தான் ஆளை முறிக்கும். ரெண்டு டியூட்டிக்கு இடையில சட்டப்படி 10 மணித்தியால ஓய்வு, ஆனா கிழமையில 3 தரம் அதை எட்டரையாக் குறைக்கலாம். அந்த எட்டரைக்குள்ள தான் வீட்டை போய்ச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, திரும்பி வரவேணும். சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் வீட்டுக்குக் கிட்ட உள்ள கராஜைப் பாருங்கோ.

ரூட் படிக்கேக்க இன்னொண்டு: எந்த முடிவிடத்தில டொய்லெட் இருக்கு, கதவுக் கோட் என்ன எண்டதையும் சேத்துப் பாடமாக்கி வையுங்கோ.