வரலாற்று மனிதரைப் பேட்டி எடுக்குற அசைன்மெண்ட்: உங்க வீட்டுல, உங்க வகுப்புல நடந்ததைச் சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை:

"வரலாற்று மனிதரோடு ஒரு நேர்காணல்" எழுதிட்டு வான்னு எல்லா ஸ்கூல்லயும் குடுக்குறதுதான், அதனால அது என்னன்னு விளக்கல. போன டெர்ம்ல என் பொண்ணுக்கு வந்துச்சு, ஒன்பதாங் கிளாஸ். தஞ்சாவூர்ப் புள்ளைங்கன்னா பாதிப் பேர் ராஜராஜன்தான். இவளும் அப்படித்தான்னு நெனச்சு பெரிய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க போயி கல்வெட்டு எழுத்து மேல வெரலை வெச்சுக்கிட்டே நடந்தா, ஒரு எழுத்தும் படிக்க வரல. இதுல எங்கயோ நானூறு பொண்ணுங்க பேரு இருக்கு, ஆடுறதுக்குன்னு சோழ நாடு பூரா உள்ள கோயில்கள்ல இருந்து கூட்டிட்டு வந்தவங்க, தளிச்சேரிப் பெண்டுகள்னு பேரு, எந்தத் தெரு எத்தனையாவது வீடுன்னுகூட வெட்டி வெச்சிருக்காங்கன்னு வாய் சும்மா இல்லாம நான்தான் சொன்னேன். அவ்வளவுதான், ராஜராஜன் போயிட்டாரு.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் ரெண்டாம் தொகுதியில அந்தப் பட்டியல் இருக்கு, அதைத் தேடிப் பிடிச்சு உக்காந்தா. தலைவீடு, அதாவது மொத வீடு, நக்கன் சேரமங்கை, திருவையாத்து லோகமாதேவி ஈஸ்வரத்துல இருந்து வந்தவங்க. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல்லு. எடுத்தபாதம்னுகூட ஒரு பொண்ணுக்குப் பேரு இருக்குமா, இவ்ளோ அழகான பேரை ஏன் இப்ப யாரும் வைக்கலைன்னு ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில சேரமங்கையைத்தான் பேட்டி எடுத்தா. மொத்தம் பதினொரு கேள்வி. ஆறாவது கேள்வி, "திருவையாத்துல இருந்து கெளம்பணும்னு சொன்னப்ப, வர இஷ்டமான்னு உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" அதுக்குக் கீழ நாலு கோடு காலி.

ஏதாச்சும் எழுது, அரசர் அழைத்தார் மகிழ்ச்சியோடு வந்தேன்னு எழுது, டீச்சர் மார்க்கை எடுத்துருவாங்கன்னு நான்தான் சொன்னேன். "அது நீ சொல்றதும்மா, அவங்க சொன்னதில்ல"ன்னா. நான் விடல. பென்சில்ல எழுதுனா. காலையில ஸ்கூலுக்குக் கெளம்புறப்ப பாக்குறேன், ரப்பர் போட்டு அழிச்சிருக்கா, அந்த எடத்துல பேப்பர் தேஞ்சு அடுத்த பக்கத்து எழுத்து தெரியுது. விடை இல்லைன்னு செவப்பு மையில வட்டம் போட்டு ரெண்டு மார்க் கொறைச்சுட்டாங்க. மார்க் போனது எனக்கு ஒண்ணுமே இல்ல. அந்தத் தேஞ்ச எடம்தான் கண்ணுலயே நிக்குது, ஏன்னா அழிச்ச வரி என்னோடது.

உப்பளத்துப் பக்கம்:

அக்கா, நான் வேதாரண்யம் பக்கம் சமூக அறிவியல் வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். எங்க பக்கம்னா 1930 உப்பு சத்தியாகிரகம்தான் எல்லாப் புள்ளைக்கும். ராஜாஜி ஏப்ரல் 13 திருச்சியில கெளம்பி மாசக் கடைசியில இங்க வந்து சேந்தது, நடந்து வர்றவங்களுக்குச் சோறு போடக் கூடாதுன்னு கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டது, சனங்க சோத்துப் பொட்டலத்தை ரோட்டோர மரக்கெளையில கட்டித் தொங்க விட்டது, எல்லாம் இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். பேட்டி வெச்சா ராஜாஜி, இல்லாட்டி சர்தார் வேதரத்தினம்.

ஒரு வருஷம் ஒரு பையன் வைரப்பனை எடுத்தான். அவங்க அப்பா சலூன் வெச்சிருந்தாரு, பையன் கடைசி பெஞ்ச், வாயே தெறக்க மாட்டான். வைரப்பனைத் தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்லிடுறேன், சவரம் பண்ணிக்கிட்டு இருக்கையிலயே உக்காந்திருக்குறது சத்தியாகிரகிகளைப் புடிக்க வந்த போலீஸ்காரர்னு தெரிஞ்சு பாதியில கத்தியைக் கீழ வெச்சவரு. கோர்ட்ல நிறுத்தி மீதியை முடிடான்னு சொன்னப்பவும் முடியாதுன்னுட்டு ஜெயிலுக்குப் போனவரு.

பேட்டியை நடிச்சுக் காட்டணும். பையனுக்கு நான்தான் வசனம் எழுதிக் குடுத்தேன், பாரதமாதா அடிமை விலங்குன்னு ஒன்றரைப் பக்கம். பேட்டி எடுக்குற பொண்ணு "உங்களுக்குப் பயமா இல்லையா?"ன்னு கேட்டுச்சு. பையனுக்கு ஒரு வார்த்தை வரல. தோள்ல கெடந்த துண்டை எடுத்தான், முடி உதுறுற மாதிரி ரெண்டு உதறு உதறுனான், நாலா மடிச்சான், நாற்காலி முதுகுல போட்டான், அந்தாண்ட போயி நின்னுக்கிட்டான். க்ளாஸ் கப்சிப்னு ஆயிடுச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா, பின்னால நின்னு வசனத்தை எடுத்துக் குடுத்தேன். ம் சொல்றா, பாரதமாதான்னு ஆரம்பின்னு. அவனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒப்பிச்சான். பதினெட்டு வருஷம் ஆச்சு. அவன் பதிலை அவன் சொல்லி முடிச்சிட்டான், நான் போயி அதைக் கெடுத்தேன்.

கல்லணைக் கால்வாய்:

வெண்ணாத்தங்கரை அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா டீச்சர் பக்கமும் கொஞ்சம் பாக்கணும். பதில் எழுதுற கோடுகளைக் காலியா விட்டா அது கேள்வித்தாள், நேர்காணல் இல்ல. கற்பனையே கூடாதுன்னா எதுக்கு இந்த அசைன்மெண்ட்டு, பாடத்தையே ஒப்பிக்கச் சொல்லிரலாமே.

என் கதை சின்னதுதான். என் பையன் எழுதுன ராஜராஜன் "எமது விமானத்தின் நிழல் தரையில் விழாது"ன்னு சொன்னாரு. அந்தப் பதிலைக் குடுத்தது நான், எனக்கு எங்க தாத்தா குடுத்தது. ஸ்கூல்ல கைத்தட்டு வேற. அடுத்த மாசம் ஸ்கூல்ல கூட்டிட்டுப் போயிட்டு வந்தாங்க, வந்தவன் செருப்பைக்கூட கழட்டல, வாசல்ல நின்னுக்கிட்டே "அப்பா, தரை சுட்டுச்சுன்னு எல்லாரும் போயி விமானத்தோட நெழல்லதான் நின்னோம்"னான். சத்தமெல்லாம் போடல, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான்.

அதுக்கப்புறம் நான் புடிச்சுக்கிட்டது ஒண்ணுதான், எழுத வெக்கிறவங்க எல்லாரும் செஞ்சு பாருங்க. அந்த ஆளு தானே சொன்னதுன்னு எது கெடைக்குதோ முதல்ல அதைத் தேடுங்க, கேள்வியை அதுக்கப்புறம் எழுதுங்க. நெறைய இருக்கு, நாமதான் தேடுறதில்ல. ராஜராஜனையே எடுத்துக்குங்க, கோயில் கல்வெட்டு அவரே பேசுற மாதிரிதான இருக்கு, "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி"ன்னு, அதாவது நாம கட்டுன கல் கோயில்னு, அதுக்கப்புறம் "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்"னு வரிசையா. இதை விடவா ஒரு பதில் வேணும்? தனக்கு அடுத்து அக்கா குந்தவையை வெக்கிறாரு பாருங்க, அங்கயே அடுத்த கேள்வி வந்துருச்சு, ஏன் அக்கா பேரு முன்னாடி வருதுன்னு. ஆர்தர் காட்டனும் அப்படித்தான். புள்ளைங்க எழுதுறப்ப தொரை வந்து நம்ம ஊருக்கு அணை கட்டக் கத்துக்குடுத்த மாதிரி எழுதுதுங்க. அந்த மனுஷன் 1830கள்ல முக்கொம்புல மேலணை கட்டுனவரு, பின்னால 1874ல அவரே எழுதுறாரு, ஆழம் தெரியாத மணல்ல அஸ்திவாரம் போடுற வித்தையை இந்த ஊர் ஆளுங்ககிட்டத்தான் நாங்க கத்துக்கிட்டோம்னு, கல்லணையைப் பாத்துட்டு. எங்க ஆத்துக்கரையில பொறந்த புள்ளைக்கு அவர் வாயாலயே அதைச் சொல்ல வெக்கலாம், பொய்யும் இல்ல. கரிகாலனுக்கு இப்படி ஒரு வரிகூடக் கெடைக்காது, அதனால அவரை எடுக்காதீங்க, இல்லாட்டி கல்லு சொமந்தவன் ஒருத்தனை எடுத்து இது முழுக்க என் கற்பனைன்னு மேலயே எழுதிருங்க. அதோட பேட்டியில நடுவுல நடுவுல "ஹா ஹா"ன்னு சிரிக்கிற மாதிரி எழுதுறதையும் விட்ருங்க, எல்லா அரசனும் ஒரே மாதிரி ஆயிடுறான்.

அரிசிலாறு:

கல்லணைக் கால்வாய் அண்ணே, பதிவு இருந்தாத்தான் பதில்னா பதிவு இல்லாதவங்களை யாருமே கேக்கக் கூடாதா? சேரமங்கையோட பேரும் வீட்டு வரிசையும் நெல்லுக் கணக்கும் கல்லுல இருக்கு, அவங்க பேசுனது ஒரு வார்த்தை இல்ல. அந்த நாலு கோடு காலியா இருக்குறதுதான் உண்மையான நெலவரம்னு நான் சொல்லுவேன். டீச்சர் அதுக்கு மார்க் கொறைச்சது தப்புதான்.

நான் கும்பகோணம். ப்ளஸ் ஒன்ல மேத்ஸ்ல பெயில் ஆனவன், அந்த வருஷமே கணித தினத்துக்கு ராமானுஜன் பேட்டி எழுதுன்னு குடுத்துட்டாங்க. எல்லாரும் என்ன கேப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும், 1729 எப்படி, ஹார்டிக்கு லெட்டர் எப்படி, பேப்பர் வாங்கக் காசில்லாம செலேட்டுல போட்டு முழங்கையால அழிச்சீங்களாமே. எனக்கு அதெல்லாம் கேக்கத் தோணல. டவுன் ஹைஸ்கூல்ல அவ்வளவு பேரு வாங்கிட்டு 1904ல காலேஜ் சேந்தாரு, கணக்குத் தவிர எதையும் தொடல, ஸ்காலர்ஷிப் போச்சு, மறு வருஷம் வீட்டுல சொல்லாம விசாகப்பட்டினத்துக்கு ஓடிட்டாரு. நான் ஒரே கேள்வி எழுதுனேன், "ஸ்காலர்ஷிப் போச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கு எந்த வழியா வீட்டுக்குப் போனீங்க?"

பதில் வரல. அதனால மார்க் ஷீட்டைச் சட்டைப் பையில மடிச்சு வெச்சுக்கிட்டு காலேஜ்ல இருந்து நானே நடந்தேன். காவேரிப் பாலத்துல தண்ணி இல்ல, மணல்தான், பசங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தானுங்க. அப்படியே சாரங்கபாணி சன்னிதித் தெரு வரைக்கும் வந்து அவர் வீட்டுத் திண்ணையைப் பாத்துக்கிட்டு நின்னேன். நேர் வழி ஒண்ணு, சுத்து வழி நாலு. சுத்து வழியிலதான் போயிருப்பாருன்னு எனக்குத் தோணுச்சு, ஏன்னா நான் சுத்திக்கிட்டுத்தான் வந்தேன். அதை நான் எழுதல. எங்க அப்பாகிட்ட அன்னிக்கு ராத்திரிதான் மார்க் ஷீட்டைக் காட்டினேன்.

குத்தாலம் பாசஞ்சர்:

நானும் கும்பகோணத்துல படிச்சவன்தான், ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுறேன். எங்களுக்கு உ.வே.சா. 1880ல அவர் கும்பகோணம் காலேஜ்ல சேந்த வருஷம், முன்சீப்பா வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பாக்கப் போறாரு, என்னென்ன படிச்சீங்கன்னு அவர் கேக்க, இவர் அந்தாதி கலம்பகம் பிள்ளைத்தமிழ் கோவைன்னு அடுக்குறாரு, அவரு மொகத்துல ஒண்ணுமே காணோம், சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டுட்டாரு. அதுல ஆரம்பிச்சு 1887ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டு வந்தாரு.

நான் உ.வே.சா., என் ஃப்ரெண்டு முதலியாரு. மூணு நாள் மனப்பாடம் பண்ண பட்டியலை மூச்சுவிடாம சொல்லி முடிச்சேன். அவன் என்னைப் பாத்துக்கிட்டே "சரி"ன்னான். நடிப்புதான், தெரியும், ஆனா காதெல்லாம் சூடாயிடுச்சு. இன்னிக்கும் இன்டர்வ்யூல யாராச்சும் "சரி"ன்னா எனக்கு அந்த பெஞ்ச்சுதான் ஞாபகம் வருது. அரிசிலாறு தம்பி, மேத்ஸ் அப்புறம் க்ளியர் பண்ணிட்டீங்கதான?

அரிசிலாறு:

பண்ணிட்டேண்ணே, ரெண்டாவது தடவையில.

உப்பளத்துப் பக்கம்:

கால்வாய் தம்பி, தானே சொன்னதுதான் பதில்னா என் பையன் துண்டை மடிச்சதுக்கு எந்தக் கல்வெட்டைக் காட்டுறது? வைரப்பன் துண்டை மடிச்சாரான்னு யாருக்கும் தெரியாது. ஆனா தொழில் தெரிஞ்ச கை அது. கத்தியைக் கீழ வெச்சதுக்கப்புறம் அந்தக் கை வேற என்ன பண்ணியிருக்கும்னு அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்குத் தெரியல.

கல்லணைக் கால்வாய்:

அது சரிங்க சார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

வெண்ணாத்தங்கரை:

எல்லாத்தையும் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். துண்டு மடிச்ச எடத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னா. அந்தப் பென்சில் வரியை எழுத வெச்சதுக்கு அவகிட்ட மன்னிப்பும் கேட்டேன், "பரவால்லம்மா, அதான் அழிச்சிட்டேன்ல"ன்னுட்டா.

லோகமாதேவி ஈஸ்வரம் இப்பவும் திருவையாத்துல ஐயாறப்பர் கோயிலுக்குள்ளயே இருக்காம், வடகைலாயம்னு சொல்றாங்க. நான் எத்தனை தடவை போயிருப்பேன், கவனிச்சதே இல்ல. சேரமங்கை கெளம்புன எடத்தைப் பாக்கணுமாம், அங்க இருந்து பெரிய கோயில் விமானம் கண்ணுக்குத் தெரியுமா தெரியாதான்னு பாக்கணுமாம். அது தெரிஞ்சா ஏழாவது கேள்வியை மாத்தி எழுதணும்ங்குறா. வர்ற ஞாயித்துக்கெழமை போறோம்.

குத்தாலம் பாசஞ்சர்:

காலையிலயே போயிருங்க அக்கா, மத்தியானம் நடை சாத்திருவாங்க.