பிட்ஸ் கதவு திறந்த பிறகு: ஸ்பீட்வே வீரர்களைச் சந்தித்த அனுபவங்கள்

செம்மண்தூசி, இப்ஸ்விச்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை, அலுவலக நண்பர் ஒருவர் என்னை ஃபாக்ஸ்ஹால் மைதானத்துக்கு அழைத்துப் போனார். மோட்டார் சைக்கிள் பந்தயம் என்று மட்டும்தான் முதலில் சொன்னார். அந்த வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது என்பதைக் காரில் போகும்போது சொன்னார். கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

கேலி இல்லை. 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனாலில் ஓடும் இன்ஜின், ஒரே கியர். நான்கு பேர் நாடாவுக்கு முன் வரிசையாக நிற்பார்கள். நாடா மேலே பறந்ததும் நான்கு சுற்று, கோயிலை யாரோ அப்பிரதட்சிணமாக வருவதுபோல் எப்போதும் இடப்பக்கமாகவே. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வளைவில் பின்சக்கரம் வெளியே வழுக்கி ஓடும். வண்டி இடப்பக்கம் போகும், முன்சக்கரமோ வலப்பக்கம் திரும்பியிருக்கும். இடது காலில் இரும்புத் தகடு கட்டிய பூட்ஸைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவார்கள். விவரம் தெரியாமல் முதல் வளைவுக்குப் பக்கத்தில் தேநீரோடு நின்றேன். நான்கு வண்டிகளும் கடந்து போனபோது கோப்பையில் பாதி தேநீர், பாதி செம்மண்.

ஆனால் நான் சொல்ல வந்தது பந்தயத்தைப் பற்றி அல்ல. பதினைந்து ஹீட்டும் (நான்கு சுற்று ஓட்டம் ஒவ்வொன்றும் ஒரு ஹீட்) முடிந்த பிறகு, வீரர்கள் வண்டிகளைத் தயார்செய்யும் பிட்ஸின் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போகலாம் என்றார் நண்பர். அரை மணி நேரத்துக்கு முன் என் கண்ணுக்கு எமனின் தம்பியாகத் தெரிந்த ஒரு வீரர், அங்கே பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் மொண்டு தன் வண்டியைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். வயது இருபத்திரண்டு இருக்கும். கை குலுக்கினேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, நாற்று நடவுக்கும் மண்வெட்டிக்கும் பழகிய என் சித்தப்பாவின் கையைப் போல. நாளை எங்கே என்று கேட்டேன். இரவோடு இரவாக வேனை ஓட்டிக்கொண்டு போய் மறுநாள் இன்னொரு அணிக்காக வேறு ஊரில் ஓட வேண்டுமாம். ஓட்டுநர் யார் என்றேன். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த இழை. நீங்கள் யாரைச் சந்தித்தீர்கள்? எழுதுங்கள்.


பழைய வெம்பிளிக்காரன், லண்டன்

தம்பி, உங்களுக்கெல்லாம் முந்தியவன் நான். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து ஒரு வருடம்கூட ஆகாத காலம். 1981 செப்டம்பர் 5, வெம்பிளியில் உலக இறுதிப்போட்டி. அறைத் தோழனுக்கு மைதானத்தில் பகுதி நேர வேலை. ஆள் போதவில்லை என்று என்னையும் சேர்த்துவிட்டான். குளிர்பானப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிகளில் ஏறி இறங்குவதுதான் என் வேலை.

அன்று 92,500 பேர். நல்லூர்த் தேரில் பார்த்த கூட்டத்தை நான் மறுபடி பார்த்தது அங்கேதான். அமெரிக்கரான புரூஸ் பென்ஹாலும் டென்மார்க்கின் ஓலே ஓல்சனும் ஒரே ஹீட்டில் மோதினார்கள். ஓல்சன் அதற்குள் மூன்று முறை உலக வாகையர். பென்ஹால் கடைசி வரை விரட்டி, கோட்டுக்குச் சற்று முன்னால் அவரைத் தாண்டினார். என் பெட்டியில் இருந்த புட்டிகளை வாங்க ஒருவர்கூடக் கை நீட்டவில்லை. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். மேற்பார்வையாளர் என்னைத் திட்டாததற்குக் காரணம், அவரும் நின்றுகொண்டிருந்ததுதான்.

அன்று பட்டம் பென்ஹாலுக்கு. 1937இல் ஜாக் மில்ன் வென்ற பிறகு பட்டம் பெற்ற முதல் அமெரிக்கர். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸிலும் வென்றார். வென்ற கையோடு ஓட்டத்தை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் நடிக்கப் போனார். வெம்பிளியில் அதற்குப் பிறகு உலக இறுதிப்போட்டி நடக்கவே இல்லை. முதல் இறுதிப்போட்டியும் 1936இல் அங்கேதான் நடந்தது.

நீங்கள் கேட்டது சந்திப்பு. நான் யாரோடும் கை குலுக்கவில்லை, தம்பி. வேலை முடிந்து பின்பக்கம் குப்பை கொட்டப் போனபோது ஒரு வீரர் தனியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோற்றவர்களில் ஒருவர். யார் என்று இன்றுவரை தெரியாது. பெட்டியில் மிஞ்சிய புட்டி ஒன்றை நீட்டினேன். காசு தேடிச் சட்டைப்பையைத் தடவினார். தோல் உடுப்பில் பை ஏது? வேண்டாம் என்று கை காட்டிவிட்டு வந்தேன். அந்தப் புட்டியின் விலை என் கூலியில் கழிந்தது.


நனைந்த குடை, நார்ஃபோக்

என் அனுபவம் மிகச் சிறியது. மூன்று முறை போனேன், மூன்று முறையும் மழை. ஒரு முறை முதல் ஹீட்டுக்கு முன், ஒரு முறை ஆறாவது ஹீட்டுக்குப் பின், ஒரு முறை வாகன நிறுத்துமிடத்திலேயே. ஓடுபாதையில் போடும் ஷேல் மண் ஈரமானால் பசையாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுமாம், ஓட்டுவது ஆபத்தாம். நியாயம்தான். வீரர்கள் ஓடுபாதையில் நடந்துபோய்க் குதிகாலால் மண்ணைக் குத்திப் பார்த்துத் தலையாட்டியதைத்தான் மூன்று முறை பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஸ்பீட்வே அவ்வளவுதான்.


இரவுப் பணி

பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் சொல்ல மாட்டேன். நான் செவிலி. ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் பிரிவுக்கு ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். காறை எலும்பு முறிவு, மூன்று விலா எலும்புகளில் கீறல். உடம்பிலிருந்து ஒரு வாசனை வந்தது. ஆமணக்கெண்ணெய். ஊரில் ஆச்சி தலையில் வைத்துத் தேய்க்கும் அதே எண்ணெய். ஆங்கிலேய இளைஞன் மேல் ஆமணக்கெண்ணெய் வாசனை எங்கிருந்து வந்தது என்று திகைத்தேன். அந்த இன்ஜின்களுக்கு அதுதான் மசகெண்ணெய் என்று அவரே விளக்கினார்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்தால், இந்த முறிவுக்குக் கீழே பழைய தகடு ஒன்று, ஆறு திருகுகளோடு. இது எப்போது என்றேன். பதினேழு வயதில் என்றார். எதிர்த்தோள்? பத்தொன்பதில். ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொல்வதுபோல் சொன்னார். வலி நிவாரணி கொடுத்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, மூன்று வாரத்தில் ஓட்டலாமா என்பது. எனக்குக் கோபம் வந்தது. சின்னப் பையன் என்று நினைத்துத் திட்டியும்விட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடினால்தான் காசு, ஒவ்வொரு புள்ளிக்கும் காசு, விழுந்து கிடந்தால் ஒன்றும் இல்லை என்றார். அதன் பிறகு நான் எதுவும் பேசவில்லை.

பிறகு ஆர்வத்தில் நானே ஒருநாள் போட்டி பார்க்கப் போனேன். அவர் ஓடும் மைதானத்துக்கு அல்ல, வேறொன்றுக்கு. என் கண் ஓடுபாதையில் இல்லை, ஆம்புலன்ஸிலேயே இருந்தது. நான்காவது ஹீட்டில் ஒருவர் விழுந்தார். அவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பியதும் போட்டியை நிறுத்திவிட்டார்கள். வேறு ஆம்புலன்ஸ் வரும்வரை ஒரு வண்டியும் ஓடவில்லை. ரசிகர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.


ஹைட் ரோடு, மான்செஸ்டர்

இரவுப் பணி அக்கா எழுதியதைப் படித்ததும் என் பக்கத்து வீட்டுத் தாத்தா நினைவுக்கு வந்தார். நான் குடிவந்தபோது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. வேலியோரம் நின்று பேசுவார். முதல் ஆறு மாதம் வானிலை. பிறகு ஒரு நாள் பீட்டர் கிரேவன்.

லிவர்பூலில் பிறந்து எங்கள் மான்செஸ்டரின் பெல் வியூ அணிக்கு ஓடியவர் கிரேவன். சிறிய உருவம். 1955இலும் 1962இலும் உலகப் பட்டம். இங்கிலாந்திலிருந்து இரண்டு முறை வென்றவர் நீண்ட காலம் அவர் ஒருவர்தான். 2015இல் டாய் வொஃபின்டன் சமன் செய்து, 2018இல் மூன்றாவதும் வாங்கித் தாண்டினார். மற்றவர்கள் வண்டியை மல்லுக்கட்டி வளைப்பார்கள், கிரேவன் அதன்மேல் நின்று நடனமாடுவார் என்பார் தாத்தா. 1963 செப்டம்பரில் எடின்பரோவில் ஒரு போட்டி. முன்னால் விழுந்தவர்மேல் மோதாமல் இருக்க விலகியபோது வேலியில் மோதினார் கிரேவன். நான்கு நாள் கழித்து உயிர் பிரிந்தது. வயது 29.

தாத்தா சிறுவனாக இருந்தபோது பெல் வியூவின் ஹைட் ரோடு மைதானத்தின் பிட்ஸ் வாசலில் கிரேவனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அந்த நிகழ்ச்சி நிரல் புத்தகத்தை வீட்டுக்குள் போய் எடுத்து வந்து காட்டினார். ஒவ்வொரு ஹீட்டுக்கும் கட்டம் போட்டு, நான்கு வீரர்களின் புள்ளிகளையும் பென்சிலால் 3, 2, 1, 0 என்று அவரே நிரப்பியது. கையெழுத்து இருந்த மூலையில் ஈரம் பட்டு மை பரவி, எழுத்து எது, கறை எது என்றே புரியவில்லை. "இதுதான் பி" என்று விரலால் காட்டினார். எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

அந்த மைதானம் 1987இல் மூடப்பட்டது. அணி மட்டும் இடம் மாறி மாறிப் பிழைத்தது. 2016இல் பக்கத்திலேயே தேசிய ஸ்பீட்வே மைதானம் வந்தது. 2021 அக்டோபரில் அங்கே ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் என்ற உலக அணிப் போட்டி நடந்தபோது தாத்தாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். டேன் பியூலி, ராபர்ட் லாம்பர்ட், டாம் பிரெனன் மூவரும் பிரிட்டனுக்குப் பட்டம் வாங்கித் தந்தார்கள். 1989க்குப் பிறகு கிடைத்த முதல் உலக அணிப் பட்டம். சுற்றிலும் எல்லோரும் கத்தினார்கள். தாத்தா மட்டும் கத்தவில்லை. 1989இல் பிராட்ஃபோர்டின் ஓட்சால் மைதானத்தில் வென்ற அன்றும் அவர் இருந்தாராம். அன்று டென்மார்க்கின் எரிக் குண்டர்சன் விழுந்து, இனி எழுவாரா என்றே தெரியாத நிலை. கோப்பையை வாங்கியவர்கள் முகத்தில்கூடச் சிரிப்பு இல்லை என்றார். குண்டர்சன் பிழைத்தார், எழுந்து நடந்தார், ஆனால் மறுபடி பந்தயம் ஓட்டவில்லை. "இன்று எல்லோரும் தங்கள் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்" என்று தாத்தா இரண்டு முறை சொன்னார். அதுதான் அவருக்குக் கொண்டாட்டம்.

கிளம்பும்போது வெளியே வீரர் ஒருவர் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நெரிசல். நாற்காலியைப் பார்த்துவிட்டு அவரே எங்களிடம் வந்தார். தாத்தா பேனாவை நீட்டவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டார். வரிசை காத்திருந்தது. அவர் கையை உருவிக்கொள்ளவில்லை.


மைதானம் இழந்தவன், ஸ்விண்டன்

இப்ஸ்விச் நண்பரே, 2019 பிரிட்டிஷ் லீக் இறுதிப்போட்டியில் உங்கள் அணியைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியது எங்கள் ஸ்விண்டன் ராபின்ஸ் அணி. அதைச் சொல்லாமல் இந்த இழையில் நான் நுழைய முடியாது. சொல்லிவிட்டேன். 2020இல் கொரோனா வந்து பருவமே நடக்கவில்லை. அதன்பின் பிளன்ஸ்டன் மைதானத்தில் எங்கள் அணி ஓடவே இல்லை. பட்டம் வாங்கிய கையோடு வீடு போன அணி வேறெங்காவது உண்டா?

பட்டம் வென்ற இரவு நான் சந்தித்தது வீரரை அல்ல, டிராக்டர் ஓட்டுபவரை. ஹீட்டுகளுக்கு நடுவில் தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளித்து, வெளியே தள்ளப்பட்ட மண்ணை மறுபடி உள்ளே வாரிக் கொண்டுவருபவர்கள் அவர்கள். எல்லோரும் வீரர்களைத் தோளில் தூக்கினார்கள். இவர் கடைசியாக ஒரு சுற்று ஓட்டி ஓடுபாதையைச் சமப்படுத்தினார். ஏன், போட்டிதான் முடிந்துவிட்டதே என்றேன். கரடுமுரடாக விட்டுப்போனால் தூக்கம் வராது என்றார்.

ஒரு சண்டைக்கும் இடம் கொடுங்கள். 'கெஸ்ட்' வீரர் என்ற முறையை யாராவது எனக்கு நியாயப்படுத்திக் காட்டுங்கள். நம் அணி வீரர் காயம்பட்டால் அன்று ஒரு நாளுக்கு வேறு அணி வீரர் நம் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடலாமாம். போன வாரம் நம்மைத் தோற்கடித்தவருக்கே இந்த வாரம் நாம் கைதட்ட வேண்டும்!


செம்மண்தூசி, இப்ஸ்விச்

ஸ்விண்டன்காரரே, 2019ஐ நான் மறக்க முயன்றுகொண்டிருந்தேன், நன்றி.

கெஸ்ட் முறை எனக்கும் முதலில் கேலிக்கூத்தாகத்தான் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஓர் அணிக்கு ஏழு பேர். அவர்களுடைய சராசரிப் புள்ளிகளின் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. பணக்கார அணி எல்லா நல்ல வீரரையும் அள்ளிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த வரம்பு. அப்படி எண்ணி எண்ணிக் கட்டிய அணியில் ஒருவர் எலும்பை முறித்துக்கொண்டால், அதே அளவு சராசரி உள்ள மாற்று ஆள் வேண்டாமா? இரவுப் பணி அக்காவின் எக்ஸ்ரேயை நினைத்துப் பாருங்கள். கெஸ்ட் இல்லாவிட்டால் ஜூன் மாதத்துக்குள் பாதி அணிகள் நான்கு பேரோடு நிற்கும். அழகான விதி என்று சொல்ல மாட்டேன். ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி, மானத்தைக் காக்கிறது.

நான் முதல் பதிவில் எழுதிய அந்த வாளி வீரரைச் சென்ற பருவத்தில் மறுபடி பார்த்தேன். இப்போது ஓட்டுவதில்லை. ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு மெக்கானிக். பையன் முதல் ஹீட்டில் நாடாவைத் தொட்டுவிட்டு வெளியேற்றப்பட்டு, அழாத குறையாகப் பிட்ஸுக்குள் வந்தான். இவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளட்சைக் கழற்றிப் பார்த்து, எதையோ திருகி, மறுபடி மாட்டினார். கதவு திறந்த பிறகு போய்க் கை குலுக்கினேன். என்னை அவருக்கு நினைவில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. அந்தக் காய்ப்பு மட்டும் அப்படியே இருந்தது. வேனை இப்போதும் நீங்கள்தான் ஓட்டுகிறீர்களா என்று கேட்டேன். பையனுக்கு இன்னும் உரிமம் கிடைக்கவில்லையே என்றார்.

வரும் வியாழன் நான் போகிறேன். மழை இல்லையென்றால். நனைந்த குடை, நீங்கள் மட்டும் தயவுசெய்து வராதீர்கள்.


நனைந்த குடை, நார்ஃபோக்

டிக்கெட் எடுத்துவிட்டேன்.