குன்றல் பகுப்பின் நடுவில் புதுப் புரதம் தேவையா?

முகில்:
குன்றல் பகுப்பு என்பது, குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும்படி செல் இரண்டு முறை பிரிவது. லில்லியின் மகரந்தத் தாய்செல்லில், அதாவது இப்படிப் பிரிந்து மகரந்தத்தைத் தரும் செல்லில், பகுப்பின் முதல் கட்டமான புரோஃபேஸ் காலத்தில் ரைபோசோம்கள் பெருமளவு அழிந்துபோகின்றன. டிக்கின்சனும் ஹெஸ்லாப்-ஹாரிசனும் 1960களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியது இது. புரதம் கட்டும் கருவியையே செல் கலைத்துவிடுகிறது என்றால், வேண்டியதை எல்லாம் முன்பே செய்து வைத்துவிட்டது என்றுதானே பொருள்?

தாமரைச்செல்வி:
குறைகின்றன, முகில். தீர்ந்துபோவதில்லை. 1963-லேயே ஹோட்டாவும் ஸ்டெர்னும் ட்ரில்லியம் என்ற செடியின் செல்களைத் தனியே பிரித்தெடுத்து, தூது ஆர்என்ஏ (புரதம் கட்டுவதற்கான செய்தியை மரபணுவிலிருந்து எடுத்துச் செல்வது) போன்ற ஆர்என்ஏயும் புரதமும் பகுப்பின்போதே உருவாவதைக் காட்டினார்கள். பிறகு ஸ்டெர்னின் குழு லில்லிக்குச் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்துப் புரத உற்பத்தியை நிறுத்தியது. புரோஃபேஸின் ஒரு கட்டமான சைகோட்டீனில் நிறுத்தியபோது குரோமோசோம்கள் ஜோடி சேர்வதும் நின்றுவிட்டது.

முகில்:
அது நஞ்சு. செல் முழுவதையும் அடிக்கும். அடிபட்ட செல்லில் ஜோடி சேரவில்லை என்பதை வைத்து, ஜோடி சேரப் புதுப் புரதம் வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

தாமரைச்செல்வி:
கொடுத்த நேரத்தைப் பாருங்கள். வெறும் நஞ்சின் வேலை என்றால் எப்போது கொடுத்தாலும் ஒரே கோளாறு வர வேண்டும். அடுத்த கட்டமான பாக்கிட்டீன் தொடக்கத்தில் கொடுத்தால் கெடுவது கயாஸ்மா, அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் குறுக்கே இணையும் இடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்தந்த நேரத்துப் புரதம் தேவைப்படுகிறது.

இளவேனில்:
பகுப்பு முடியும் இடத்தையும் பாருங்கள். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் டிடிஎம்1 (TDM1) புரதம் இல்லாவிட்டால், செல் டிஎன்ஏவை இரட்டிக்காமலேயே மூன்றாவது பகுப்புக்குப் போய்விடுகிறது. 2022-ல் வந்த ஆய்வு காரணத்தைச் சொன்னது: டிடிஎம்1, எஸ்எம்ஜி7 (SMG7) என்ற புரதத்தோடு சேர்ந்து, தூது ஆர்என்ஏவிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கிறது. அப்படித்தான் பகுப்பு முடிவுக்கு வருகிறது. நிறுத்துவதற்கே தனி ஏற்பாடு இருக்கிறது என்றால், அதுவரை புரத உற்பத்தி ஓடிக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்?

முகில்:
ஓடியது, சரி. எந்த ஆர்என்ஏவைக் கொண்டு ஓடியது? பகுப்பு தொடங்கும் முன்பே எழுதி வைத்த தூது ஆர்என்ஏவாக இருக்கலாமே. புரதம் புதிது என்பதால் ஆர்என்ஏயும் புதிது ஆகிவிடாது. என் வாதம் சேமிப்பைப் பற்றியது, அது இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

தாமரைச்செல்வி:
அதற்காகத்தான் ட்ரில்லியத்தைச் சொன்னேன், அங்கே ஆர்என்ஏயும் புதிதாக உருவாகிறது. சேமிப்பு கொஞ்சம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் லில்லியில் இந்தப் பகுப்பு ஏறக்குறைய ஒரு வாரம் நீள்கிறது. அத்தனை நாளும் பழைய தூது ஆர்என்ஏ சிதையாமல் இருந்து, அது மட்டுமே எல்லா வேலையையும் செய்தது என்றால், அதை நிறுவ வேண்டியவர் நீங்கள்தான்.