ஒய்.பி. நீராவி இன்ஜின் மாடல்: எதைக் கையால் செய்வது, எதை மெஷினுக்குக் கொடுப்பது?

மீட்டர்கேஜ் (கடலூர்):
வணக்கம். விழுப்புரம், கடலூர், மாயவரம் மெயின் லைன் மீட்டர்கேஜாக இருந்த காலத்தில் ஓடிய ஒய்.பி. (YP) வகை பயணிகள் நீராவி இன்ஜினை 1:32 அளவில் பித்தளையில் கட்டப்போகிறேன். கிட் கிடையாது. தகடு, குழாய், கம்பி வாங்கி அடியிலிருந்து செய்வது. உள்ளே மோட்டார்தான், நிஜ நீராவி இல்லை.

1:32 எடுத்ததற்குக் காரணம் தண்டவாளம். மீட்டர்கேஜில் இரு தண்டவாளத்துக்கும் இடையே உள்ள 1000 மில்லிமீட்டரை 32ஆல் வகுத்தால் 31.25. ஓ கேஜ் என்ற மாடல் ரயில் தண்டவாளத்தில் அது 32 மி.மீ. முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். 1:87 போனால் 11.5 இருக்க வேண்டிய இடத்தில் 12 மி.மீ. தண்டவாளம் போட வேண்டும். விகிதத்தில் பார்த்தால் பிழை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இப்போது கேள்வி. பக்கச் சட்டம் (சக்கர அச்சுகளைத் தாங்கும் நீளத் தகடு), சைடு ராடு (பெரிய சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தண்டு), சக்கரம் மூன்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து வெளியே கொடுத்து எடுக்கலாமா, இல்லை உட்கார்ந்து கையால் அறுக்கலாமா?

பித்தளைத்தகடு (புதுச்சேரி):
சட்டத்தையும் ராடையும் வெளியே கொடுக்காதீர்கள் தம்பி. பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை, இன்ஜின் ஓட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு பக்கச் சட்டத்துக்கான தகட்டையும் ஈயப்பற்று வைத்து ஒட்டி ஒரே தகடாக்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் கோடு கீறி, நகை ஆசாரிகள் பிடிக்கிற மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு முடியுங்கள். சைடு ராடுகளையும் அப்படியே ஜோடியாக ஒட்டித் துளை போடுங்கள். பிறகு அந்த ராடின் துளையையே வழிகாட்டியாக வைத்துச் சட்டத்தில் அச்சுத் துளை போட வேண்டும். எல்லாம் முடிந்தபின் சூடு காட்டினால் தகடுகள் பிரிந்துவிடும். அளவுகோலில் கால் மில்லிமீட்டர் தப்பியிருந்தாலும் கவலையில்லை. ராடும் சட்டமும் ஒரே மாதிரி தப்பியிருக்கும், இடது வலது இரண்டும் சேர்ந்தே தப்பியிருக்கும். சக்கரம் எங்கேயும் இறுகாது.

தனித்தனியாக வெட்டி வந்த துண்டுகளில் இந்த உறவு இருக்காது. ஒவ்வொன்றும் படத்துக்குச் சரியாக இருக்கும், ஒன்றோடொன்று சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ரெசின்பிரிண்ட் (புதுச்சேரி):
ஐயா சொல்வது நல்ல முறை, மறுக்கவில்லை. ஆனால் அந்த முறை பிறந்ததே கைத்துளையில் துல்லியம் வராது என்பதால்தானே? ஒரே கம்ப்யூட்டர் கோப்பிலிருந்து லேசரில் வெட்டினால் நான்கு துண்டுகளிலும் துளைக்குத் துளை தூரம் ஒன்றாகவே வரும். துளையைக் கொஞ்சம் சிறிதாக வெட்டச் சொல்லி, வீட்டில் ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) போட்டு இறுதி அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரிக்கும்போது ஃபைபர் லேசரா என்று முதலில் கேளுங்கள். பித்தளை ஒளியைத் திருப்பி அடிக்கும். பழைய கார்பன் டை ஆக்சைடு லேசரில் ஏற்றினால் மெஷினுக்கே கேடு.

எனக்கு உண்மையான கவலை சக்கரம்தான். ஒய்.பி. 4-6-2 அமைப்பு, அதாவது முன்னால் நான்கு சிறிய சக்கரம், நடுவில் ஆறு பெரியது, பின்னால் இரண்டு சிறியது. பெரிய சக்கரம் ஆறு, ஒவ்வொன்றும் 1372 மி.மீ. விட்டம், நம் அளவில் 42.9. ஆறு சக்கரத்தின் ஆரக்கால்களையும் ஒரே மாதிரி அரத்தால் இழைக்க உட்கார்ந்த பலருடைய இன்ஜின் இன்னும் பெட்டியில்தான் கிடக்கிறது. பாதியில் நின்ற மாடலைவிட, சக்கரத்தை ரெசினில் (இறுகும் பிசின்) 3டி பிரிண்ட் எடுத்து ஓடுகிற மாடல் எனக்கு மேல்.

ஃபயர்மேன்மகன் (கடலூர்):
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பா விழுப்புரம் இன்ஜின் ஷெட்டில் வேலை பார்த்தவர். நீங்கள் இருவரும் முறையைப் பற்றிப் பேசுகிறீர்கள், எந்த இன்ஜின் என்று யாருமே கேட்கவில்லையே!

ஒய்.பி. மொத்தம் 871. முதல் 20 இன்ஜின் 1949ல் அமெரிக்காவின் பால்ட்வின் கட்டியது. அப்புறம் ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ், ஜெர்மனியின் கிராவுஸ் மாஃபை, அதிகமாக ஜாம்ஷெட்பூரில் டெல்கோ. கடைசியாக 1970 வரை வந்தது. வரைபடம் ஒன்றாக இருக்கலாம். ஷெட்டில் வருஷக்கணக்கில் ஓடி, பணிமனைக்குப் போய்ப் போய் வந்த இன்ஜினில் குழாய் போகும் வழி, விளக்கு, படிக்கட்டு எல்லாம் ஒன்றாக இருக்காது. ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணின் இரண்டு பக்கப் படமும் கிடைத்தபின் தகட்டில் கை வையுங்கள்.

இன்னொன்று, வால்ஷார்ட் வால்வ் கியரில் (சிலிண்டருக்குள் நீராவி போகும் நேரத்தை முடிவு செய்யும் இணைப்புத் தண்டுகள்) ரிட்டர்ன் கிராங்க் என்ற சிறிய கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் படத்தில் பார்த்தே வைக்க வேண்டும். மாற்றி வைத்தாலும் மாடல் ஓடும். ஆனால் ஃபுட்பிளேட்டில் (டிரைவரும் ஃபயர்மேனும் நிற்கும் மேடை) நின்றவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும்.

பித்தளைத்தகடு:
ஃபயர்மேன்மகன் சொன்னது முக்கியம். வால்வ் கியருக்கு நான் ஜெர்மன் சில்வர்தான் சொல்வேன். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பித்தளை அளவுக்குச் சூட்டைக் கடத்தாது. அதனால் ஒரு முனையில் பற்று வைக்கும்போது மறு முனையில் வைத்த பற்று இளகாது. தேய்த்தால் இரும்பு நிறம் வேறு கொடுக்கும், கடல் காற்றில் துருவும் ஏறாது.

ரெசின் தம்பிக்கு ஒரு கேள்வி. பிரிண்ட் எடுத்த சக்கரத்தை அப்படியே மாட்டுவதா? சக்கரத்தின் நடுவில் எஃகு அச்சை இறுக்கி ஏற்ற வேண்டும். ரெசின் விரிசல் விடும். மோட்டார் முறுக்கில் ஒரு சக்கரம் அச்சில் ஒரு டிகிரி நழுவினால் கதை முடிந்தது.

புதிதாக வருபவர்களுக்காக விளக்கமாகவே சொல்கிறேன். சக்கரத்தில் ராடு மாட்டும் முளைக்கு கிராங்க் பின் என்று பெயர். இடது கிராங்க் பின்னும் வலது கிராங்க் பின்னும் 90 டிகிரி விலகி இருக்க வேண்டும். மூன்று அச்சிலும் 89 என்று இருந்தாலும் இன்ஜின் வெண்ணெயாக ஓடும். இரண்டு அச்சு 90, ஒன்று மட்டும் 89 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் முக்கும்.

ரெசின்பிரிண்ட்:
அப்படியே மாட்டச் சொல்லவில்லை ஐயா. வார்ப்புக்கென்றே வரும் ரெசினில் பிரிண்ட் எடுத்து, நகை வார்ப்புப் பட்டறையில் கொடுத்து பித்தளையில் ஊற்றி வாங்குவது. ரெசின் எரிந்துபோன இடத்தில் உலோகம் நிற்கும். மீட்டர்கேஜ் அண்ணா சொன்ன மாயவரம் லைனிலேயே கும்பகோணம் தாண்டினால் சுவாமிமலை. அங்கே தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு உலோகம் வார்க்கிறார்கள். நான் சொல்வதும் அதே வழி. மெழுகுக்குப் பதில் ரெசின், அவ்வளவுதான்.

பித்தளைத்தகடு:
அங்கேதான் நான் நிற்கிறேன். சுவாமிமலையில் அந்த மெழுகு உருவத்தை ஸ்தபதி கையால் பிடிக்கிறார், மண் அச்சை உடைத்தால் ஒரே ஒரு சிலை. உங்கள் சக்கரத்தில் கை எங்கே பட்டது? வழி ஒன்றுதான், வேலை ஒன்றில்லை. அப்புறம், வார்ப்பு ஆறும்போது சுருங்கும். பித்தளைக்குச் சுமார் ஒன்றரை சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள், 43 மி.மீ. சக்கரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும்.

ரெசின்பிரிண்ட்:
சுருக்கத்துக்கு ஏற்ப உருவத்தைப் பெரிதாக்கி வரைந்தால் ஆயிற்று. அதைவிட, ஆரக்கால் பகுதியை மட்டும் வார்த்து, வெளி வளையத்தை எஃகில் லேத்தில் கடைந்து ஏற்றினால் விட்டத்தை லேத்தே முடிவு செய்யும். அசல் இன்ஜினிலும் டயர் தனியாகத்தான் சூடேற்றிப் போடப்பட்டது. கிராங்க் பின் துளையை மட்டும் வார்ப்பில் விடக்கூடாது. ஆறு சக்கரத்தையும் ஒரே ஜிக்கில் (துளை ஒரே இடத்தில் விழப் பிடித்துக்கொள்ளும் சட்டகம்) வைத்துப் பிறகு துளைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரோக் (ராடு போய்வரும் தூரம்) வேறாகிவிடும். கை எங்கே பட்டது என்று கேட்டீர்கள். அந்த ஜிக்கிலும், லேத்திலும், படம் வரைந்த இரவுகளிலும் பட்டது. வரைவதற்கு நான் ஒவ்வொரு ஆரக்காலின் குறுக்குவெட்டையும் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். அதை வேலை இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஃபயர்மேன்மகன்:
அசல் சக்கரமே வார்ப்புதானே ஐயா. ஆரக்காலை யாரும் அரத்தால் இழைக்கவில்லை. ராடு மட்டும் அடித்து உருவாக்கி, மெஷினில் சீவி, கடைசியில் பளபளவென்று தேய்த்தது. அசல் எப்படிப் பிறந்ததோ அப்படியே மாடலும் பிறக்கட்டும் என்பது என் கட்சி.

பெயின்ட் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் முழுக்கத் துருவும் சாம்பலுமாகப் பூசி 'பழசு' ஆக்காதீர்கள். வேலை பார்த்தவர்களுக்கு அது இன்ஜின், காயலான் சரக்கு இல்லை. ஆயுத பூஜைக்கு இன்ஜினின் முன்முகமான ஸ்மோக்பாக்ஸ் கதவில் சந்தனம் குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று என்று நின்றதை நினைத்துப் பூசுங்கள்.

மீட்டர்கேஜ்:
எல்லோருக்கும் நன்றி. என் முடிவு இது. ஆரக்கால் பகுதிக்கு வார்ப்பு, எஃகு டயர், ஜிக் வைத்து கிராங்க் பின் துளை. சட்டமும் ராடும் ஐயா சொன்னபடி ஒட்டி அறுப்பேன். வால்வ் கியர் ஜெர்மன் சில்வர். எண்ணைத் தேர்ந்தெடுக்கப் படம் தேடத் தொடங்கிவிட்டேன். ஃபயர்மேன்மகன், அப்பாவிடம் பழைய படம் இருந்தால் வலது பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ரெசின்பிரிண்ட்:
ராடைக் கையால் அறுப்பதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. கோப்பு வரைந்து அனுப்பிவைக்கிறேன் அண்ணா, ஒரு செட் வெட்டி வாங்கி இரண்டையும் மாட்டிப் பாருங்கள்.

பித்தளைத்தகடு:
தாராளமாக. முதலில் மோட்டார் இல்லாமல், சாய்த்த கண்ணாடிப் பலகையில் சட்டத்தை வைத்து உருள விடுங்கள் தம்பி. ராடு மாட்டியபின்னும் தானாக உருண்டு இறங்கினால் யாருடைய ராடு என்றாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.