புதுப்பிப்பு: காசிமேடு மீன்கடை பில்லும் கொள்முதல் அளவும்

ஒரு வருட பில்லை எக்செல்லில் ஏற்றி, தினம் எத்தனை கிலோ வஞ்சிரம் எடுப்பது என்று முடிவு செய்யும் முறையை முன்பு எழுதியிருந்தேன். "ஏப்ரல் நடுவில் விற்பனைக் கோடு சரிகிறதே, கொள்முதலைக் குறைக்கலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

குறைக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சரிந்தது வரத்துதான். அந்த நாட்களை வருட சராசரியில் கலக்காமல் தனி ஷீட்டில் வையுங்கள். புரட்டாசி, அமாவாசை, கிருத்திகைக்கும் தனிக் குறி போடுங்கள்.

இதைவிட முக்கியம், சரக்கு தீர்ந்த நேரம். ஞாயிறு 20 கிலோ விற்றதாக பில் சொல்லும். காலை 9 மணிக்கே தீர்ந்திருந்தால் உண்மையான தேவை அதற்கும் மேல். பிவட் டேபிளில் (பில்லைத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணை) கிழமையை வரிசையிலும் மணியைக் குறுக்கேயும் வைத்து, சரக்கு இருந்த மணிகளுக்கு மட்டும் சராசரி எடுங்கள். தீர்ந்த பிறகான கட்டங்களில் பூஜ்யம் போடாதீர்கள். போட்டால், அந்த அட்டவணைக்கு நிறம் போட்டுப் பார்க்கும்போது 9 மணிக்கு மேல் ஆளே வராதது போலக் காட்டிவிடும்.

அளவுக்கு வருவோம். விற்றால் கிலோவுக்கு 120 ரூபாய் லாபம், மிஞ்சினால் ஐஸ் உட்பட 60 ரூபாய் நஷ்டம் என்று வையுங்கள். இரண்டையும் கூட்டினால் 180. 120-ஐ 180-ஆல் வகுத்தால் 0.67. அதாவது, நூறு ஞாயிறில் சுமார் 67-ல் சரக்கு போதும்படியாக எடுக்க வேண்டும். சரக்கு தீர்ந்த பிறகான காலி மணிகளை மேலே எடுத்த மணிவாரிச் சராசரியால் நிரப்பி, ஞாயிறு மொத்தங்களுக்கு பெர்சன்டைல் ஃபார்முலாவில் 0.67 கொடுங்கள். வரும் கிலோதான் ஞாயிறு கொள்முதல். கூட்டம் அதிகமான நாளில்தான் சரக்கு சீக்கிரம் தீரும் என்பதால், இதுவும் சற்றுக் குறைவாகவே காட்டும். ஓரிரண்டு கிலோ கூட்டியே எடுங்கள்.